மகன்ர உள்ளங்காலில இருக்கிறது ஆணியா பாலுண்ணியா? திருகோணமலையில ஆரிட்டக் காட்டலாம்?

உவர்மலை அம்மா · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு 11 வயது. வலது உள்ளங்காலில, பெருவிரலுக்குக் கீழ இருக்கிற மேட்டில ஒரு தடிப்பு. தைப்பொங்கல் நேரம் கண்டது, அப்ப ஒரு மிளகளவு. இப்ப அதுக்குப் பக்கத்தில ரெண்டு குட்டி வேற.

மாமி பாத்த உடன "இது கால் ஆணி" எண்டிட்டா. பார்மசியில ஆணி பிளாஸ்டர் வாங்கி ஆறு கிழமையா ஒட்டுறம். நடுவில தோல் வெள்ளையா ஊறி உரியுது, பிறகு அதே இடத்தில அதே தடிப்பு. என்ர அம்மா "இது பாலுண்ணி, எருக்கம்பால் வை" எண்டு நிக்கிறா. ரெண்டு பேருக்கும் நடுவில நான். போன ஞாயிறு பெடியன் தானே நகவெட்டியால நோண்டி, வீட்டு நிலமெல்லாம் ரத்தம்.

இது என்னண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தோல் டொக்டரிட்டத்தான் போகோணுமோ? எங்க போறது, எப்பிடிப் போறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. வீட்டில மாமாவுக்குச் சீனி வருத்தம் இருக்கு. அவர் பெடியன்ர செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வாற ஆள். அவருக்கும் தொத்துமோ எண்டு ஒரு யோசனை.

---

சாம்பல்தீவான் · செவ்வாய், இரவு 9.58

அக்கா, பெடியன் மொட்டை மாடியில படுத்துக்கொண்டு வெள்ளி எண்ணினவனோ எண்டு முதல்ல கேளுங்கோ. அம்மம்மா சொல்லுவா, எத்தனை வெள்ளி எண்ணுறியோ அத்தனை பாலுண்ணி வருமெண்டு. நான் நூற்றிச் சொச்சம் எண்ணினனான், வந்தது ஒண்டுதான். மிச்சம் இன்னும் வழியில வருது போல.

---

பழைய நேர்ஸ் · செவ்வாய், இரவு 10.45

உவர்மலை அம்மா, நான் வேலையில இருந்து ஓய்வெடுத்த ஆள். கனகாலம் கிளினிக்கில நிண்டனான். டொக்டர் இல்லை. ஆனா இந்தக் கால்களை ஆயிரக்கணக்கில பாத்திருக்கிறன்.

ஆணிக்கும் பாலுண்ணிக்கும் வித்தியாசம் பாக்க வீட்டிலயே மூண்டு சோதினை செய்யலாம். பெடியன்ர காலைப் பத்து நிமிசம் இளஞ்சூட்டுத் தண்ணியில ஊற விட்டிட்டு, நல்ல வெளிச்சத்தில பாருங்கோ.

உள்ளங்காலிலயும் விரல் ரேகை மாதிரிக் கோடுகள் ஓடும். ஆணியெண்டா அந்தக் கோடு தடிப்புக்கு மேலாலயும் தொடர்ந்து போகும். பாலுண்ணியெண்டா வயல் வரம்பு கல்லில முட்டின மாதிரிக் கோடு விலகி அதைச் சுத்திப் போகும். அடுத்தது, ஊறின மேல்தோலுக்குக் கீழ கறுப்புப் புள்ளிகள் தெரியுதோ பாருங்கோ. சனம் அதை "வேர்" எண்டு சொல்லி ஊசியால தோண்டும். அது வேருமில்லை விதையுமில்லை, பாலுண்ணிக்குள்ள ஓடுற சின்ன ரத்தக் குழாய்களில உறைஞ்ச ரத்தம். நோண்டினா அவ்வளவு ரத்தம் வந்தது ஏனெண்டு இப்ப விளங்குதோ? கடைசியா, மேலயிருந்து நேரா அமத்திப் பாருங்கோ, பிறகு ரெண்டு பக்கத்தாலயும் கிள்ளிப் பாருங்கோ. ஆணி அமத்தினாத்தான் கூட நோகும். பாலுண்ணி கிள்ளினாக் கத்துவான்.

11 வயதில கால் ஆணி அவ்வளவா வாறதில்லை. அது இறுக்கமான சப்பாத்து, எலும்பு துருத்தின இடம், வருசக்கணக்கா விழுற அழுத்தம் எண்டு வாற சாமான். பாலுண்ணி வைரசால வாறது, மனிதப் பப்பிலோமா வைரசு. அதில இருநூறுக்கு மேல வகை இருக்கு. காலுக்கு வாறது ஒரு கூட்டம், முகத்தில தட்டையா வாறது வேற, மறைவிடத்தில வாறது வேற. ஒண்டு இன்னொண்டா மாறாது, அந்தப் பயம் வேண்டாம்.

எங்க பிடிச்சிருப்பான் எண்டு தேடாதேங்கோ. தொத்தி ரெண்டு மாசம், ஆறு மாசம், சிலவேளை ஒரு வருசம் கழிச்சுத்தான் வெளியில தெரியும். ஈரச் சீமெந்தில வெறுங்காலோட நிக்கிற இடம் எதுவா இருந்தாலும் காணும். கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணத்தையும் சுத்தி வாளியோட நிக்கிற நிலத்தை நினைச்சுப் பாருங்கோ. அதுக்காகப் போகாம விடச் சொல்லேல்லை. நானும் போறனான், செருப்போட.

கடைசியா ஒண்டு, இதுதான் முக்கியம். மாமா அந்த ஆணி பிளாஸ்டரைத் தொடவே கூடாது. அதில அசிட் இருக்கு, சீனி வருத்தக்காரர் காலுக்கு ஆகாது. வீட்டில கிடந்தா எடுத்து ஒளிச்சு வையுங்கோ.

---

மதுரைக்காரி · புதன், காலை 6.20

எங்க ஊர்ல இதை மருன்னு சொல்வோம். என் கழுத்துல ஏழெட்டு இருந்துச்சு. குதிரை வால் முடியைக் கட்டிவிட்டா நாலு நாள்ல கருகி விழுந்துடும். டாக்டர்கிட்டெல்லாம் எதுக்கு?

---

பழைய நேர்ஸ் · புதன், காலை 7.05

மதுரைத் தங்கச்சி, உங்கட கழுத்தில இருந்தது காம்பு வைச்சு மெதுவாத் தொங்கிற தோல் துணுக்கா இருக்கும். அது வைரசு இல்லை, ஆருக்கும் தொத்தாது. கழுத்து, கக்கம், இமை எண்டு தோல் மடிஞ்சு உரசுற இடத்தில வரும். உடம்பு வைச்ச ஆக்களுக்கும் சீனி ஏறின ஆக்களுக்கும் கூட வரும். நூல் கட்டினா ரத்த ஓட்டம் நிண்டு விழுறது உண்மைதான், புண்ணாகிச் சீழ் பிடிச்சு வந்தவையையும் பாத்திருக்கிறன். உள்ளங்காலில இருக்கிறதுக்கு நூல் கட்ட ஏலாது, அது உள்ளுக்கு அமந்து கிடக்கிற சாமான்.

இது சொல்லால வாற குழப்பம். எங்கட பக்கத்திலயும் "பாலுண்ணி" எண்டு மூண்டு நாலு வருத்தத்தைச் சேர்த்துச் சொல்லுவினம். சின்னப் பிள்ளையளுக்கு முத்து மாதிரி மினுமினுத்து, நடுவில குழி விழுந்து கூட்டமா வாறதையும் பாலுண்ணி எண்டுதான் சொல்றது. அது பப்பிலோமா இல்லை, அம்மை வைரசுக் குடும்பத்தில ஒண்டு. வயது போன ஆக்களின்ர முகத்திலயும் முதுகிலயும் மெழுகு ஒட்டின மாதிரி மண்ணிறமா வாறதையும் பாலுண்ணி எண்டு காட்டுவினம். அதுவும் வேற. ஒருத்தருக்கு வேலை செய்த வைத்தியம் மற்றவருக்குச் செய்யாமல் போறது இதாலதான், ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தமே இல்லை.

---

உவர்மலை அம்மா · புதன், காலை 7.50

அக்கா, சோதினை செய்தாச்சு. கிள்ளினன், வீடு அதிரக் கத்தினான். கறுப்புப் புள்ளி நாலஞ்சு தெளிவாத் தெரியுது. அம்மாவுக்கு வெற்றி, மாமி குசினிக்குள்ள போயிட்டா.

ஆனா இப்ப எனக்குக் கை நடுங்குது. நீங்கள் சொன்னபடி பிளாஸ்டர் பெட்டியை எடுத்தன், ரெண்டு குறையுது. மாமாவின்ர காலைப் பாத்தா சின்ன விரலில ஒட்டியிருக்கிறார். ஒரு கிழமையாம். "எனக்கும் ஒரு ஆணி கிடந்தது பிள்ளை, மிச்சம் கிடந்ததால ஒட்டினன்" எண்டுறார். கழட்டிப் பாத்தன். தோல் வெள்ளையா ஊறி, நடுவில சின்னதா ஒரு பள்ளம், ஓரம் சிவப்பு. நோகுதோ எண்டு கேட்டன். நோகேல்லையாம்.

---

பழைய நேர்ஸ் · புதன், காலை 7.54

நோகேல்லை எண்டு சொன்னதுதான் பயம். சீனியால நரம்பு செத்த கால் அப்பிடித்தான். இண்டைக்கே கொண்டு போங்கோ. ஓ.பி.டி.யில (வெளிநோயாளர் பிரிவில) துண்டு எடுக்கேக்க "சீனி வருத்தம், காலில புண்" எண்டு சொல்லுங்கோ. ஆணி எண்டு சொல்லாதேங்கோ. வீட்டில ஒண்டும் பூசாதேங்கோ, மஞ்சளும் வேண்டாம். சுத்தமான துணியால மூடி, அவரை நடக்க விடாமல் முச்சக்கரவண்டியில கூட்டிக்கொண்டு போங்கோ. பெடியன்ர கால் பொறுக்கும்.

---

கிண்ணியா வாசி · புதன், பகல் 1.15

அக்கா, மாமாட சங்கதி நல்லபடியா முடியட்டும், துஆ செய்றன்.

எருக்கம்பால் பற்றி ஒரு வார்த்தை. எங்கட சாச்சாட மகன் கைவிரல்ல இருந்த பாலுண்ணிக்கு அது வெச்சான். வெச்ச கையால கண்ணைக் கசக்கிட்டான். நோவு பெரிசா இல்லையாம், பார்வைதான் புகை மூடின மாதிரிப் போயிட்டு. கண் வார்ட்டில இருந்துதான் வந்தான். அந்தப் பால் கண்ணில பட்டா உள்பக்கத்துக் கலங்களையே தாக்கும் எண்டு டொக்டர் சொன்னாராம். சின்னப் பிள்ளைட காலுக்கு அது வேணாம்.

மறுகா என்ட பிரச்சினை. எனக்குத் தாடையிலயும் கழுத்திலயும் சின்னச் சின்னதா, நுனி முள்ளு மாதிரி. முதல் ஒண்டுதான் இருந்த. ஆறு மாசத்தில இருபதுக்கு மேல. சலூன்ல சேவ் எடுக்கிறன். அதாலயா?

---

பழைய நேர்ஸ் · புதன், மாலை 5.30

தம்பி, பிளேட் ஒரு பாலுண்ணியைச் சீவி, அதே வாயால அடுத்த கீறலில வைரசை விதைச்சுக்கொண்டு போகும். வரிசை வரிசையா வந்திருந்தா அது பிளேட் போன வழி. சேவ் எடுக்கிறதை நிப்பாட்டி, கத்திரியாலயோ மெசினாலயோ தோலைத் தொடாமல் வெட்டுங்கோ. தாடி வளத்தாலும் நல்லதுதான், உங்களுக்கு அதில கஷ்டமில்லை. நகம் கடிக்கிற பிள்ளையளுக்கு நகத்தைச் சுத்தி வந்து உதட்டிலயும் வாறது இதே கதை.

பார்மசி அசிட்டை முகத்தில வைக்கக் கூடாது. தழும்பு விழும். முகத்தில வந்ததுக்குத் தோல் டொக்டர்தான். அதுக்கு நான் வைத்தியம் சொல்ல மாட்டன்.

---

பாலையூற்று ஆள் · புதன், இரவு 8.10

டொக்டரைத் தேடுற விசயத்தில நான் பட்டு அறிஞ்சதைச் சொல்றன். எனக்குக் கையில மூண்டு, நகத்தடியில ஒண்டு. அவசரப்பட்டு, வேறொரு ஊரில "லேசர் தோல் நிலையம்" எண்டு பெரிய பலகை போட்ட இடத்துக்குப் போனன். பேர் சொல்லேல்லை. வெள்ளைக் கோட்டோட ஒரு ஆள் வந்து, என்னண்டு கேக்க முதலே ஒண்டுக்கு இவ்வளவு, நாலுக்குச் சேர்த்து எடுத்தாக் கழிவு எண்டு விலை சொன்னார். சுட்டார். நகத்தடியில சுட்டதில நகம் இண்டைக்கும் பிளந்துதான் வளருது, பாலுண்ணி நாலு மாசத்தில திரும்பி வந்திட்டுது. பிறகுதான் விசாரிச்சன், அவர் டொக்டரே இல்லை, அழகுக்கலை டிப்ளோமா.

பிறகு நான் பிடிச்ச வழி இது. திருகோணமலைப் பொது வைத்தியசாலை ஓ.பி.டி.யில காட்டினன். தோல் கிளினிக்குக்கு எழுதித் தந்தவை. காசில்லை. ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு கிளினிக் நாளுக்கு விடியப் போய் நம்பர் எடுத்தாச் சரி. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்து ஆக்கள் முதல்ல தங்கட ஆதார வைத்தியசாலையில காட்டிக் கடிதம் வாங்கலாம், சும்மா பஸ் ஏறி வந்து அலையத் தேவையில்லை. கிளினிக் எந்த நாள் எண்டு போன் பண்ணிக் கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ, நாள் மாறும்.

காசு குடுத்துப் பாக்கிறதெண்டா பின்னேரத்தில, சனி ஞாயிறில சனல் பண்ணலாம், அதாவது தனியார் இடத்தில நேரம் பதிஞ்சு காட்டலாம். கன பேர் அரசாங்க ஆஸ்பத்திரியில இருக்கிற அதே டொக்டர்மார்தான். பேரைக் கேட்டு, இலங்கை மருத்துவச் சபையின்ர பதிவில இருக்கிறாரோ எண்டு இணையத்தில பாக்கலாம், நிபுணர்மாருக்குத் தனிப்பதிவு இருக்கு. எங்கட நாட்டில தோல் வைத்திய நிபுணர் எண்டா எம்.பி.பி.எஸ். முடிச்சு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின்ர பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில தோல் பிரிவில எம்.டி. செய்து, சபைச் சான்று எடுத்த ஆள். "ஸ்கின் ஸ்பெசலிஸ்ட்" எண்டு பலகை எழுதப் பெயிண்ட் மட்டும் காணும்.

அதோட ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராப் போங்கோ. எனக்குத் திரவ நைதரசன் வைக்கோணும் எண்டு எழுதினவை. ஒரு நாள் லீவு போட்டுப் போனா, அண்டைக்குச் சிலிண்டர் வெறுமையாம். பூச்சியத்துக்குக் கீழ 196 பாகை குளிரில இருக்கிற சாமான், மூடி வைச்சாலும் ஆவியாகிக் குறைஞ்சுகொண்டே இருக்கும், பிறகு வெளியில இருந்து வர வேணும். வெளிக்கிட முதல் இதையும் கேளுங்கோ.

---

கடலோரம் · புதன், இரவு 8.40

[எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒராள் இருக்கிறார், ஒரே தடவையில எடுத்திடுவார், நம்பர் - - - ]

மட்டுறுத்துநர்: பேரும் நம்பரும் அழிக்கப்பட்டிருக்கு. இங்க தனிப்பட்ட டொக்டர்மாரைப் பரிந்துரைக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எப்பிடித் தேடுறது எண்டு எழுதுங்கோ. "ஒரே தடவையில" எண்டு உத்தரவாதம் குடுக்கிற ஆளைப் பற்றி மற்ற ஆக்கள் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

---

உவர்மலை அம்மா · வியாழன், காலை 6.10

மாமாவை நேற்று வார்ட்டில மறிச்சுப் போட்டினம். அவ்வளவு சின்னப் பள்ளத்துக்கு ஏன் எண்டு எனக்கு முதல் விளங்கேல்லை. டொக்டர் செத்த தோலை வெட்டினாப் பிறகுதான் தெரிஞ்சுது, உள்ளுக்குப் பயறளவு புண், சீழும் இருந்தது. எலும்புக்குப் போகேல்லை எண்டு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தவை. சீனி 300க்கு மேல. இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தா விரல் போயிருக்கும் எண்டு டொக்டர் சொன்ன உடன மாமி அழத் தொடங்கிட்டா. அவதானே பிளாஸ்டர் வாங்கச் சொன்னவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. என்னத்தைச் சொல்றது, காசு குடுத்து வாங்கினது நான்.

பழைய நேர்ஸ் அக்கா, நீங்கள் ஆரெண்டு தெரியாது. கோணேசர் உங்களை நல்லா வைச்சிருக்கோணும்.

---

பழைய நேர்ஸ் · வியாழன், காலை 6.45

அழ வேண்டாமெண்டு மாமிக்குச் சொல்லுங்கோ. பிளாஸ்டர் பெட்டியில சீனி வருத்தக்காரருக்கு ஆகாதெண்டு எழுதியிருக்கும்தான், வாசிக்கவே ஏலாத சின்ன எழுத்தில, எங்கட மொழியில இல்லாமல். வீட்டுக்கு வந்தாப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர்ர ரெண்டு காலையும் விரல் இடுக்கோட பாருங்கோ. அடியைப் பாக்க அவருக்கு ஒரு முகம் பாக்கிற கண்ணாடி வாங்கிக் குடுங்கோ.

---

பெயர் வேண்டாம் · வியாழன், இரவு 11.30

மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இடையில வாறன். எனக்கு இதே மாதிரித் தடிப்பு மறைவான இடத்தில. ஓ.பி.டி.யில எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கம். பார்மசியில ஏதும் வாங்கிப் போடலாமோ?

---

பழைய நேர்ஸ் · வெள்ளி, காலை 5.50

வேண்டாம். காலுக்கு வைக்கிற அசிட்டை அங்க வைச்சாத் தோல் வெந்து போகும். ஓ.பி.டி. வரிசையில நிக்கத் தேவையும் இல்லை. அரசாங்கத்தின்ர பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களுக்கு நேராப் போகலாம், கடிதம் கேக்க மாட்டினம், காசு வாங்க மாட்டினம், பேரை வெளியில விட மாட்டினம். அங்க இருக்கிற ஆக்கள் இதை நாளாந்தம் பாக்கிறவை, முகம் சுழிக்காயினம். துணையா இருக்கிறவரையும் காட்டுறது நல்லது. மறைவிடத்தில மேடு மேடா வாறது பெரும்பாலும் 6ஆம் 11ஆம் வகை வைரசு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான 16ஆம் 18ஆம் வகை வேற. ஆனா ரெண்டும் ஒரே வழியாலதான் வாறது. பொம்பிளைப் பிள்ளையெண்டாச் சுகவனிதையர் கிளினிக்கில பப் சோதினையும் (கர்ப்பப்பைக் கழுத்தைப் பாக்கிற சோதினை) செய்விச்சுக்கொள்ளுங்கோ, 35 வயதில எல்லாருக்குமே செய்யிறவை.

---

சாம்பல்தீவான் · வெள்ளி, பகல் 12.20

பகிடி விட்ட நான் ஒரு நல்ல கேள்வி கேக்கிறன். பள்ளிக்கூடத்தில ஆறாம் வகுப்புப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு எச்.பி.வி. ஊசி, அந்தப் பப்பிலோமா வைரசுக்கான ஊசி, போடுறவைதானே. அது போட்டாப் பாலுண்ணி வராதோ? அப்பிடியெண்டாப் பெடியளுக்கும் கேப்பம்.

---

பனிக்குளிர் · வெள்ளி, பகல் 2.05

ரொறன்ரோவில இருந்து. பிறந்தது திருஞானசம்பந்தர் வீதியில. பார்மசியில வேலை, இந்தச் சாமானை நாளுக்கு நாலு பேர் கேப்பினம்.

ஊசிக்குப் பதில்: 2017இல இருந்து இலங்கையில போடுற ஊசி கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கப் போடுறது. கைகால் பாலுண்ணி வேற வகை வைரசு, அதுக்கு இந்த ஊசியை நம்பேலாது. அதைச் சாட்டி மகளுக்கு ஊசி போடாமல் விட்டிடாதேங்கோ.

மற்றது, ஆக்கள் எல்லாரும் நைதரசனைப் பெரிய ஆயுதமா நினைக்கிறியள். உள்ளங்காலுக்கு அது அவ்வளவில்லை. 2011இல வெளிவந்த ஒரு ஆய்வில, பிரித்தானியாவிலயும் அயர்லாந்திலயும் 240 பேரை ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்குக் கிளினிக்கில நைதரசன், பாதிப் பேருக்கு வீட்டில பூச 50 வீதச் சலிசிலிக் அசிட் குடுத்துப் பாத்தவை. பன்னிரண்டு கிழமையில ரெண்டு பக்கமும் நூற்றுக்கு ஏறக்குறையப் 14 பேருக்குத்தான் முழுசாப் போனது. அவ்வளவு பிடிவாதமான சாமான். கைப் பாலுண்ணிக்கு நைதரசன் கொஞ்சம் நல்லா வேலை செய்யும், அதுவும் ரெண்டு மூண்டு கிழமைக்கு ஒருக்கா, பல தடவை.

டக்ட் டேப் (தடிச்ச ஒட்டுநாடா) ஒட்டுறதைப் பற்றி ஆரும் கேக்க முதல் சொல்லிடுறன். 2002இல ஒரு சின்ன ஆய்வு அதைத் தூக்கி வைச்சுது. 2006, 2007இல திருப்பிச் செய்து பாத்தா ஒட்டினதுக்கும் ஒட்டாததுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

---

கோணேசபுரி மாணவி · வெள்ளி, மாலை 6.30

நான் நிலாவெளிப் பக்கத்து வளாகத்தில சித்த மருத்துவம் படிக்கிறன். வீட்டில எருக்கம்பால் வைக்கிறதைச் "சித்த வைத்தியம்" எண்டு சொல்லி எங்கட தலையில கட்டாதேங்கோ. எருக்கும் சேராங்கொட்டையும் நஞ்சு வகையில சேர்ந்தது, நஞ்சு முறிக்கிற சுத்தி செய்யாமல் தொடுறதில்லை எண்டுதான் எங்களுக்கே படிப்பிக்கினம். சேராங்கொட்டை பட்டுக் கொப்புளம் போட்ட தோலை நான் பாத்திருக்கிறன், பாலுண்ணி எவ்வளவோ மேல்.

---

உவர்மலை அம்மா · அடுத்த வியாழன், இரவு 8.15

இண்டைக்குத் தோல் கிளினிக். பெடியனைப் பள்ளிக்கு விடாமல் கூட்டிக்கொண்டு போனன். மூண்டு மணித்தியாலம் வாங்கில இருந்தம். உள்ள அஞ்சு நிமிசம் இருக்கும்.

டொக்டர் ஒரு பிளேட்டால மேல்தோலை மெதுவாச் சீவி, லைட் வைச்ச சின்னக் கண்ணாடியால பாத்திட்டு, என்னையும் பாக்கச் சொன்னா. கறுப்புப் புள்ளி எல்லாம் மிளகாய் விதை மாதிரிப் பெரிசாத் தெரிஞ்சுது. மூண்டும் பாலுண்ணிதான்.

என்ன பூசினனீங்கள் எண்டு கேட்டா. ஆணி பிளாஸ்டர் பெட்டியைக் குடுத்தன், ஏச்சு விழப் போகுதெண்டு. பாத்திட்டுச் சிரிச்சா. "மருந்து சரிதான் அம்மா, 40 வீதச் சலிசிலிக் அசிட். பாலுண்ணிக்கும் இதைத்தான் நான் எழுதப் போறன். நீங்கள் ஒட்டின விதம்தான் பிழை." பெடியன் கிரிக்கெட்டுக்குப் போகேக்கக் கழட்டி வைக்கிறான், உரிஞ்ச தோலை நாங்கள் தேய்ச்சு எடுக்கேல்லை, செத்த தோலுக்கு மேலயே திருப்பித் திருப்பி ஒட்டியிருக்கிறம். ஆறு கிழமை காணாதாம். இரவில ஊற வைச்சு, அரத்தால தேய்ச்சு, சுத்தி நல்ல தோலுக்கு வாஸ்லின் பூசி, தடிப்புக்கு மட்டும் மருந்து வைச்சு மூட வேணும். பன்னிரண்டு கிழமை. தேய்க்கிற அரம் அதுக்கு மட்டும், வேற ஆரும் பாவிக்கக் கூடாது. செருப்பும் துவாயும் தனி.

நைதரசன் ஏன் வைக்கேல்லை எண்டு கேட்டன். பெடியனுக்கு நோகும், ரெண்டு மூண்டு நாள் நடக்க ஏலாது, அதுக்கேத்த லாபம் உள்ளங்காலில இல்லை எண்டா. ஒண்டுமே செய்யாமல் விட்டாலும் பிள்ளையளில பாதிப் பேருக்கு ஒரு வருசத்தில தானாப் போகுமாம். விளையாடேக்க நோகுறதாலதான் மருந்தாம்.

மாமி பக்கத்தில நிண்டவ. வெளியில வந்து முச்சக்கரவண்டியில ஏறேக்க "நான் வாங்கச் சொன்ன மருந்து சரியாம், கேட்டியோ" எண்டா. பேர் பிழை, மருந்து சரி, ஆள் மாறிப் போச்சு. சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்லை.

---

கடலோரம் · அடுத்த வியாழன், இரவு 8.50

மூண்டு மணித்தியாலம் இருந்து அஞ்சு நிமிசம், அதே பிளாஸ்டரோட வீட்டுக்கு. இதுக்குத்தான் நான் நம்பர் போட்டனான்.

---

உவர்மலை அம்மா · அடுத்த வியாழன், இரவு 9.05

அண்ணா, அந்த அஞ்சு நிமிசத்தில வீட்டில சீனி வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டவ. விலை சொல்லேல்லை.

---

பழைய நேர்ஸ் · அடுத்த வியாழன், இரவு 9.40

இந்த இழையை வாசிக்கிற வயது போன ஆக்களுக்கும் ஒண்டு. பாலுண்ணி பிள்ளையளுக்கும் இளம் ஆக்களுக்கும்தான் கூட வாறது. நாப்பது அம்பது தாண்டின ஆளுக்குப் புதுசா ஒண்டே ஒண்டு வந்து, கெதியா வளர்ந்து, தானா ரத்தம் கசிஞ்சு, மருந்துக்கு மசியாமல் நிண்டா அதைப் பாலுண்ணி எண்டு சொல்லிக்கொண்டு இருக்காதேங்கோ. உள்ளங்காலிலயோ நகத்துக்குக் கீழயோ கறுப்பு பரவினாலும் அப்பிடித்தான். ஒரு துண்டு வெட்டிச் சோதினைக்கு அனுப்பத்தான் வேணும். வருசக்கணக்கா ஆணி எண்டு சீவிச் சீவிக் கடைசியில புற்றுநோயா வந்த ஒருத்தரை எனக்கு இண்டைக்கும் மறக்கேலாது. சிறுநீரகம் மாத்தினவை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசை குடிக்கிறவைக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

---

கிண்ணியா வாசி · ஒரு மாசம் கழிச்சு

சேவ் நிப்பாட்டின. தோல் டொக்டர் முகத்துக்கு ஒரு கிறீமும், பெரிசு நாலஞ்சை மின்சாரத்தால சுடுறதும். மரக்கப் பண்ணித்தான் சுட்ட. புதுசா ஒண்டும் வரல்ல. தாடிக்கு உம்மா சந்தோசம்.

---

உவர்மலை அம்மா · ஆடி மாசம்

கேட்டவைக்காக எழுதுறன். பதினாலு கிழமை எடுத்தது. பன்னிரண்டாவது கிழமை வரைக்கும் ஒரு மாற்றமும் இல்லாத மாதிரி இருந்தது, நான் விடப் பாத்தன். பிறகு ஒரு நாள் தேய்க்கேக்கக் கறுப்புப் புள்ளியைக் காணேல்லை. இப்ப ரேகை நேரா ஓடுது. டோர்ச் அடிச்சுப் பாத்தன்.

என்ர அம்மா உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிப் பத்திரகாளி அம்மனுக்கு நேந்து வைச்சிருந்தவவாம். போன வெள்ளி கொண்டு போய்க் குடுத்திட்டு வந்தா. ஆராலதான் போனது எண்டு அவவோட வாதாடப் போகேல்லை. தானாப் போறது பாதிப்பேருக்கு எண்டு டொக்டரே சொன்னவ, அந்தப் பாதியை அம்மன் வைச்சுக்கொள்ளட்டும்.

மாமாவின்ர புண் ஆற ரெண்டு மாசம். ஒவ்வொரு நாளும் மருந்து கட்டினது மாமிதான். இப்ப அவர் தன்ர செருப்பில சிவப்பு நூல் கட்டி வைச்சிருக்கிறார். பெடியன் மாறிப் போட்டுக்கொண்டு போயிடுவானாம்.